தீப்பெட்டி அக்காவின் சாம்பல் சட்டை

அக்கா தீக்குச்சியைக் கிழித்து, இடது கையில் தொங்கும் நூலின் நுனியில் வைக்கிறார். நூல் சட்டென்று பற்றி மஞ்சளாக எரிகிறது. அணைந்த பிறகும் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு கொஞ்ச தூரம் ஊர்கிறது. மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். காகிதம் கருகிய வாசனை. கருகின நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்குகிறார். மாவாக உதிர்ந்தால் பருத்தி. உதிராமல் கடுகு மாதிரி உருண்டு கெட்டியாக நின்றால் பிளாஸ்டிக் கலந்தது. “ம், நல்ல பிள்ளை” என்று நூற்கண்டின் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பையில் போட்டுக்கொள்கிறார். இத்தனையும் நடப்பது நூல் கடையின் வாசலில், கடைக்காரரின் கண்ணெதிரே.

கடைக்காரருக்கு இது கௌரவப் பிரச்சினை. “ஒன்பது வருஷமா எங்கிட்டதான் வாங்குறீங்க. இன்னுமா நம்பிக்கை வரல?” என்பார். “உங்க மேல நம்பிக்கை இருக்குண்ணே. உங்களுக்கு நூல் குடுக்கிறவன் மேலதான் இல்ல” என்று சொல்லிக்கொண்டே அடுத்த குச்சியைக் கிழிப்பார். அந்தக் கடுப்பில் கடைக்காரர் வைத்த பெயர்தான் தீப்பெட்டி. அது கடையிலிருந்து தெருவுக்கு இறங்கி, தெருவிலிருந்து மூன்று மாடி ஏறி, அவர் வீட்டுக் கதவு வரை வந்துவிட்டது. கடிதம் கொண்டுவருகிறவர்கூட “தீப்பெட்டி அக்கா வீடு இதுதானே?” என்றுதான் கேட்கிறார். அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. “இதோட விட்டாங்களே, அதுவே பெரிசு” என்கிறார்.

வயது ஐம்பத்து மூன்று. அதில் பதினேழு வருடம் ஒரு பெரிய ஆடை ஆலையில் போனது. அங்கே அவருக்குக் காலர் மட்டும்தான் வேலை. வலப்பக்கத்துக்காரி காலரைக் கொடுப்பாள், இவர் அதைக் கழுத்தில் பொருத்துவார், இடப்பக்கத்துக்காரி வாங்கிக்கொள்வாள். முழுச் சட்டையை அவர் கண்ணால் பார்த்ததே கிடையாது. “சட்டைக்குள்ள ஒரு உடம்பு இருக்கும்னே எனக்கு அப்பத் தெரியாது. கழுத்து ஒண்ணுதான் தெரியும்” என்பார். காலர் தைத்துத் தைத்துக் கடைசியில் அவர் கழுத்தே போய்விட்டது. வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இன்றைக்கும் முழு உடம்பையும்தான் திருப்புகிறார்.

ஆலையை விட்டு வந்தபின் வீட்டு முன்னறையைத் தையலறை ஆக்கிக்கொண்டார். துணி வெட்டும் மேசை என்று தனியாக ஒன்றும் இல்லை. யாரோ வீடு இடித்தபோது கிடைத்த பழைய கதவு ஒன்றை இரண்டு இரும்புப் பெட்டிகளின் மேல் கிடத்தியிருக்கிறார். தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் கத்தரிக்கோல் தொங்குகிறது. சுவர் முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் பழுப்புக் காகிதத்தில் வெட்டின மாதிரிகள், கிளிப் போட்டுத் தொங்குகின்றன. ஒன்றின் மேலும் பெயர் கிடையாது. ‘இடது தோள் இறக்கம்’, ‘முதுகு அகலம், கை குட்டை’, ‘மூச்சு வாங்குபவர்’ என்று அவர் எழுத்தில் இருக்கும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் அக்காவுக்கு முகம் பிடிபடாது. வணக்கம் வைத்தவர் திரும்பி நடக்கத் தொடங்கியதும்தான், “அட, இடது தோள் இறக்கம்!” என்று பின்னாலிருந்து கூப்பிடுவார்.

அவர் தொடுவது ஒரே வகைத் துணி. பூச்சிமருந்து அடிக்காமல் விளைந்த பருத்தி, காய், பட்டையிலிருந்து காய்ச்சிய சாயம். வருகிறவர்கள் ‘ஆர்கானிக்’ என்று வாய் நிறையச் சொல்வார்கள். அக்காவுக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. “மருந்தடிக்காத துணின்னு சொன்னாப் பத்தாதா? இதுக்கு எதுக்கு இவ்வளவு அலங்காரம்?” வந்த துணியில் கையே வைக்க மாட்டார். இரண்டு தடவை வெந்நீரில் முக்கி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி. துவைக்காத பருத்தி தன் அளவைக் கூட்டிச் சொல்லும், முதல் துவையலில் சுருங்கிக்கொள்ளும். அவசரப்படுத்துகிறவர்களிடம், “முதல்ல அது குளிச்சிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்” என்று கதவைச் சாத்திவிடுவார்.

அவரிடம் வருகிறவர்களில் அழகுக்கு வருகிறவர்கள் குறைவு. கடைத் துணி ஆகாத உடம்புக்காரர்களே அதிகம். பச்சைக் குழந்தைகள், தீக்காயம் ஆறினவர்கள், சாயம் பட்டால் தடித்துப்போகிற தோல்காரர்கள். இவர்களுக்கெல்லாம் தையலின் ஓரங்கள் வெளியே தெரியும்படி தைத்துக் கொடுப்பார். பார்க்கிறவர்களுக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டது போலிருக்கும், உள்ளே ஒன்றும் உறுத்தாது. தைத்து முடித்ததும் விரலால் தடவிப் பார்க்க மாட்டார். ஊசி குத்தி மரத்துப்போன விரலுக்கு முள்ளும் ஒன்றுதான், மெத்தையும் ஒன்றுதான். அதனால் மதியம் படுக்கும்போது அந்தத் துணியை உள்பக்கம் மேலே வருகிற மாதிரி கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்வார். அரைமணி கழித்து எழுந்து கண்ணாடியில் பார்ப்பார். கன்னத்தில் கோடு விழுந்திருந்தால் பிரித்துத் தைக்க வேண்டும். விழவில்லையென்றால் கொடுத்துவிடலாம். “தூங்குறதையும் ஒரு வேலைன்னு சொல்லிக்கிறது என் பொண்டாட்டி ஒருத்திதான்” என்று அவர் கணவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

கணவர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறார். பகலெல்லாம் ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்கிவிட்டு, சாயங்காலம் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறிவருவார். வந்ததும் முகத்தைச் சுளித்து, “இந்த வீட்டுல அடுப்பைவிட நூல்தான் அதிகமா எரியுது” என்பார்.

அந்த லிஃப்டில் ஏறிய ஒரு பெண்ணை அவரேதான் அக்காவிடம் அனுப்பிவைத்தார். இருபத்து நாலு வயது இருக்கும். அக்குள், முழங்கையின் உள்மடிப்பு, கழுத்தோரம் என்று தோல் மடங்குகிற இடமெல்லாம் வறண்டு வெடித்து நீர் கோத்துக்கொள்ளும். நான்கு வருடமாக அக்கா தைக்கிற வெளித்தையல் உடுப்புதான் போடுகிறாள். சுவரில் அவள் காகிதத்தின் மேல் ‘மெதுவா’ என்று மட்டும் எழுதியிருக்கும்.

இப்போது அவளுக்கு ஒரு நிறுவனத்தில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்திருந்தது. இது இரண்டாவது வேலை. முதல் இடத்தில் கொடுத்த சீருடையைப் போட்டு இரண்டு நாள் சமாளித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் சட்டையைக் கழற்ற முடியவில்லை. தோலோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் உரித்திருக்கிறார்கள். நான்காம் நாள் அவள் போகவில்லை.

“இவங்க பரவாயில்லக்கா. துணி எதுவா வேணா இருக்கட்டும், ஆனா பாக்கறதுக்கு மத்தவங்க சட்டை மாதிரியே இருக்கணும்னு சொல்லிட்டாங்க. சாம்பல் கலர், காலர், முழுக்கை.” கொஞ்சம் நிறுத்தினாள். “தையல் வெளிய தெரியக் கூடாது.”

“தெரிஞ்சா என்னவாம்?”

“பஸ்ஸுல தெனம் ஒருத்தர் வந்து சொல்றாங்கக்கா, சட்டையத் திருப்பிப் போட்டிருக்கேன்னு. நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஒரு நாளைக்கு எத்தன பேருக்கு விளக்கம் சொல்றது? எனக்கே அலுத்துப்போச்சு. எனக்கும் எல்லாரும் போடற மாதிரி ஒரே ஒரு சட்டை வேணும்.” அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் சேர வேண்டும். சேராவிட்டால் வரிசையில் நிற்கும் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வார்கள்.

அக்காவுக்கு அன்றைக்கே உடம்பு சரியில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். “துணி குளிக்கவே ரெண்டு நாள் ஆகும்” என்று வந்துவிட்டது. தன் வாயைத் தானே திட்டிக்கொண்டு அளவு நாடாவைத் தேடினார்.

சாம்பல் நிறத் துணி இருந்தது. கடுக்காயில் ஊறி இரும்புத் துருவில் கறுத்த நிறம். அளவு எடுக்கும்போது அவளுடைய பழைய சட்டையொன்றைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்தார். “எங்கல்லாம் வலிக்குதோ அங்கல்லாம் கோடு போடு. வெக்கப்படாதே.” அவள் போட்டாள். போட்டு முடித்தபோது ஒரு சட்டையில் எங்கெங்கே தையல் வர வேண்டுமோ, அங்கெல்லாம் கோடு இருந்தது. அக்கா அதைச் சுவரில் மாட்டி ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒவ்வொரு தையலாக வீடு மாற்றினார். பக்கவாட்டுத் தையலை முதுகுக்குத் தள்ளினார். கையின் உள்தையலை வெளிப்புறத்துக்குக் கொண்டுபோனார். அக்குளுக்கு உள்ளங்கை அகலத்தில் தனித் துண்டு வைத்து, இணைப்பு நான்கு விரல் தள்ளி வருகிற மாதிரி வெட்டினார். ஆறு தடவை காகிதம் வெட்டி, ஐந்தைக் கசக்கிப் போட்டார். சரி, உடம்புக்குச் சமாதானம் ஆயிற்று. ஆனால் மற்றவர்கள் சட்டையில் தையல் இருக்கும் இடமெல்லாம் இதில் வெறுமனே கிடந்ததே! அங்கெல்லாம் துணியை வெளிப்புறமாக நூலளவு கிள்ளி, அந்தக் கிள்ளலுக்குள்ளேயே ஊசியை ஓடவிட்டுப் பொய்த் தையல் போட்டார். எதையும் இணைக்காத தையல். “அசல் வேணும்னு ஊரெல்லாம் நூலக் கொளுத்திட்டு, இப்ப நானே டூப்ளிகேட் போட்டுட்டு இருக்கேன் பாருங்க” என்று கணவரிடம் சொன்னார். சிரிக்கத் தெம்பில்லை.

எட்டாம் நாள் நூல் தீர்ந்தது. முழங்கால் மூன்று மாடி இறங்க ஒப்புக்கொள்ளவில்லை. கணவரை அனுப்பினார். அதே கடை, அதே நிறம், அதே சீட்டு ஒட்டிய இரண்டு கண்டு வந்தது. தீப்பெட்டி அடுப்படியில் இருந்தது. எழுந்து பத்தடி நடக்க வேண்டும். அக்கா நூலைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார். “அதே கண்டுதானே” என்று ஊசியில் கோத்துவிட்டார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

சனிக்கிழமை காலை சட்டை முடிந்தது. தொங்கின நூல் முனைகளை வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு துணுக்கு, பக்கத்தில் சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியின் மேல் விழுந்தது. பருத்தி என்றால் கருகும். இது கருகவில்லை. சுருண்டு, உருகி, பளபளவென்று ஒட்டிக்கொண்டது.

அக்கா எழுந்து பத்தடி நடந்துபோய்த் தீப்பெட்டியை எடுத்து வந்தார். கண்டிலிருந்து ஒரு முழம் அறுத்துக் கொளுத்தினார். காகித வாசனைதான் வந்தது. நசுக்கினார். மேலே மாவாக உதிர்ந்தது, உள்ளே கடுகு நின்றது. வெளியே பருத்தியைச் சுற்றி உள்ளே பிளாஸ்டிக்கை ஓட்டியிருக்கிறான் எவனோ ஒரு புண்ணியவான். கடைக்காரரே அறியாத வேலை அது. அக்கா யாரையும் திட்டவில்லை. “சோம்பேறி மூதேவி, பத்தடி நடந்தா தேஞ்சா போயிடுவ?” என்று தன்னைத்தான் திட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துக்கம் பாதி, தூக்கம் பாதி.

கணவர் கடைக்கு ஓடிவிட்டு வந்தார். கடையிலிருந்த மீதிக் கண்டுகளையும் கொளுத்திப் பார்த்தார்களாம், எல்லாம் அதே சரக்கு. கடைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பழைய நூல் வர ஒரு வாரம் ஆகும்.

“குடுத்துடேன்” என்றார் கணவர். “அவளுக்கு என்ன தெரியப்போகுது?”

“அவளுக்குத் தெரியாதுங்க. அவ தோலுக்குத் தெரியும். மூணாம் நாள் தெரியும்.”

“நீ மனுஷியா, வேற எதுவுமா? கண்ணாடியில உன் மூஞ்சியப் பாரு. நின்னுக்கிட்டே விழுந்துடுவ போலிருக்கு.”

அக்கா பிரிக்கும் ஊசியை எடுத்துக் கழுத்தோரத்திலிருந்து தொடங்கினார். தைத்த கைக்குப் பிரிக்கிற வலி தனி. நான்கு நாள் உட்கார்ந்து போட்டது மதியத்துக்குள் கட்டுக் கட்டாகக் கழன்று வந்தது. பிரித்து முடித்தபோது, வெட்டியது போக மிஞ்சிய துண்டுத் துணிகள் கண்ணில் பட்டன. ஒரு துண்டின் ஓரத்தைக் கீறி ஓர் இழையை உருவினார். சாம்பல் நிறம், நயம் பருத்தி, இரண்டு தடவை குளித்தது. ஒற்றையாக இழுத்தால் அறுந்தது. இரண்டை முறுக்கித் தேன்மெழுகில் ஓட்டினார். தாங்கியது. ஆனால் இழை முழங்கை நீளம்தான் வரும், மிஷினில் போட்டால் அந்தக் கணமே அறுந்துவிடும். எல்லாம் கையால்தான்.

கணவர் தன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். “குடு. எப்படி உருவணும்னு காட்டு.”

“அறுத்துடுவீங்க.”

“அறுந்தா இன்னொண்ணு உருவறேன். எனக்கென்ன, மேல கீழ இழுத்துப் பழக்கம்தானே.”

அவர் உருவினார், முறுக்கினார், மெழுகு தடவினார். அக்கா தைத்தார். முழு வாக்கியம் பேசத் தெம்பில்லாமல் ‘ம்’ என்று கையை நீட்டுவார், ஓர் இழை வந்து விழும். சனிக்கிழமை எப்போது ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. ஊசிக்காதில் நூல் கோக்கக் கண் மறுத்தபோது கணவர் கோத்துக் கொடுத்தார். கட்டைவிரல் மடங்க மறுத்தபோது அக்கா ஊசியை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்துக்கொண்டார். ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கடைசி மரப்பொத்தானின் முடிச்சை இறுக்கிப் பல்லால் கடித்து அறுத்தார். சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிக் கதவு மேசையின் மேல் விரித்தார். முதுகுத் தையல் சரியாக அமுங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் குனிந்தார். கன்னத்தை வைத்தார். அவ்வளவுதான், மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

நான்கு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். கணவர் பதறி எழுந்து மனைவியின் தோளில் கைவைக்கப் போனார். அவள் உதட்டில் விரல் வைத்துத் தடுத்தாள். கையில் இருந்த பையை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். தரையெல்லாம் சாம்பல் நிற இழைகள் சிதறிக் கிடந்தன. அக்காவின் கைவிரல்களைப் பார்த்தாள், கணவரின் மெழுகுக் கைகளைப் பார்த்தாள். “என்னாச்சு மாமா?” என்று வாயசைத்தாள். “நூலு…” என்று தொடங்கியவர், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், உருகிய துணுக்கு ஒட்டியிருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். அவளுக்குப் புரிந்தது. நான்கு வருடமாக இந்த அறைக்கு வந்து போகிறவள் அல்லவா. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். அக்கா இன்னும் அரைமணி நேரம் தூங்கினார். குறட்டை விட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கண் விழித்ததும் அவர் வணக்கம் சொல்லவில்லை, வாம்மா என்று சொல்லவில்லை. முழு உடம்பையும் திருப்பி, படுத்திருந்த கன்னத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“கோடு விழுந்திருக்கா பாரு.”

அவள் கிட்டத்தில் வந்து பார்த்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம் இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கன்னத்தை ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் மெல்லத் திருப்பி மறுபடியும் பார்த்தாள். 

“இல்லக்கா. ஒண்ணுமே இல்ல.”

“அப்பச் சரி. போய்ப் போட்டுப் பாரு” என்று சட்டையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அந்தப் பழைய கதவின் வெறும் பலகை மேல் மற்றக் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.